ஜன்னல் பக்கம்

சார்ட்டர்ஸ் டவர்ஸில் மூன்றாவது டிரெய்லரைக் கோத்துக்கொண்டு
மேற்கே மவுண்ட் ஐசாவுக்குப் போகையில்
வெயில் மெர்வின் பக்கம்.
திரும்புகையில் என் பக்கம்.
இருபத்தொன்பது வருடத்தில்
அது முறை தவறியதில்லை.

ஸ்டீயரிங் அவனிடம்.
ஃப்ளாஸ்க், ரசீதுகள், வழியெல்லாம் போட வேண்டிய சண்டை
என்னிடம்.
வலது முழங்கையை வெளியே தொங்கவிட்டு ஓட்டுவான்,
தன் கை காற்றுக்கு வளர்த்த நாய் என்பதுபோல.
நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
புத்திசாலி என்று நினைத்திருந்தேன்.
கண்ணாடி எரிச்சலை மட்டும் மறித்துவிட்டு
மற்றதை உள்ளே விடுமாம்.
அப்போது யார் கண்டது?

முதலில் வந்தது மங்கு.
தேயிலைக் கறை போல இங்கொன்று அங்கொன்று.
வயசுக்கு வந்த பூ என்றான் மெர்வ்.
பிறகு அவன் காது மடலில் ஒன்று,
கண்ணுக்குத் தெரியாது,
முத்தமிட்டால் உதட்டில் குத்தும்.
இரண்டு கோடை சும்மா இருந்தேன்.
அதை எழுதித்தான் ஆகவேண்டும்:
இரண்டு கோடை.

டவுன்ஸ்வில்லில் டாக்டர் ஃபரிபா
எங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து
விளக்கு வைத்த சின்னக் கண்ணாடியோடு
எங்கள் மேல் மெல்ல ஊர்ந்தாள்.
இது வெறும் நிறம், விடுங்கள்.
இது மணல்தாள் மாதிரி, தொட்டுப் பாருங்கள், இதை விடக்கூடாது.
இதையும்.
இதையும்.
குடுவையிலிருந்து புஸ்ஸென்று வெண்புகை.
நாற்பது டிகிரி ஊரில்
எங்கள் தோலில் பனி விழுந்தது.
பாம்பு மாதிரி சீறுகிறதே என்றான் மெர்வ்,
பாம்புக்குப் பயப்படாதவன்,
என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு.

காதில் இருந்ததை மட்டும் உறைய வைக்கவில்லை.
வெட்டிக் குப்பியில் போட்டாள்.
பெயர் எழுதினாள்.

கொப்புளம் எழும்பியது, கறுத்தது, பொருக்காகி
தலையணையில் உதிர்ந்தது.
நெற்றிக்குக் கொடுத்த களிம்பில்
மெர்வின் முகம் மூன்று வாரம் தக்காளி.
பெட்ரோல் பங்கில் ஒரு குழந்தை அழுதது.
கெட்டதைத் தேடித் தேடிக் கடிக்கும் மருந்து அது,
சிவந்தால்தான் வேலை செய்கிறது என்று
அவனுக்கும் எனக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பதாம் நாள் போன்.
சரி, என்றான். சரி.
மூன்றாவது 'சரி'யில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
புற்றுதானாம்.
சின்னது. முழுசாக வந்துவிட்டதாம்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டுமாம்.
இதைச் சொல்லிவிட்டு அவன்
வண்டியின் டயர்களையெல்லாம் தட்டிப் பார்க்கப் போனான்.
அறுபத்திரண்டு டயர்.
எல்லாவற்றையும் தட்டினான்.

அன்றிரவு விளக்கை அணைக்காமல் பார்த்தேன்.
அவன் வலது கை ஒரு கிழவனுடையது.
என் இடது கழுத்து யாரோ மூத்த அக்காவுடையது.
ஆனால் அவன் இடது கை, என் வலது கை,
நடுவில் ரேடியோவும் பிஸ்கட் பொட்டலமும் இருந்த பக்கம்,
அங்கே வெயில் வந்ததே இல்லை.
அங்கே நாங்கள் இன்னும்
ஹியூஎண்டனில் சந்தித்த வயதில் இருக்கிறோம்.

இப்போது கண்ணாடிகளில் படலம் ஒட்டியாயிற்று.
முழுக்கை. காதை மூடும் தொப்பி.
அம்பயர் மாதிரி இருக்கிறேன் என்று முனகுவான்.
இரண்டு மணிக்கொருதரம் சன்ஸ்கிரீன்,
மேகமூட்டம் என்றாலும்.
போன புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவராது என்றில்லை,
புதிதாய் வருவதைக் குறைக்கும், அவ்வளவுதான் என்றாள் ஃபரிபா.
அவ்வளவு போதும்.

தன் வலது காதைத் தானே பூசிக்கொண்டால்
மடிப்பைத் தவறவிடுகிறான்.
நிறுத்தும் இடத்தில் நான் இறங்கி
முன்பக்கமாகச் சுற்றிப்போய்
அவன் ஜன்னலடியில் படியேறி நின்று பூசுவேன்,
தழும்பின் மேல் இரண்டு தடவை.

சண்டை போட்ட நாளில்
பின்பக்கமாகச் சுற்றிப்போவேன்.
ஐம்பத்து மூன்று மீட்டர் வண்டி.
தொப்பியைக் கழற்றிவிட்டு
காத்திருப்பான்.